வேடந்தாங்கலில் ஒரு வரவேற்பு

மதராசிலிருந்து பறவை பார்க்க வந்திருக்கிறேன். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் துணி மூடிய பலகை ஒன்று திறப்புவிழாவுக்குக் காத்திருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கமிருந்து கட்சிப் பிரமுகர் ஒருவரின் அம்பாசிடர் கார் வந்து நிற்கிறது. கட்சிக்காரர்கள் சரவெடியைக் கொளுத்துகிறார்கள். மரங்களிலிருந்து கொக்குகள் அலறிப் பறக்கின்றன.

பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பெண் தலையிலடித்துக்கொள்கிறாள்.

"பறவைங்க மெரண்டுடும்னு தீவாளிக்கே நாங்க வெடி வெக்கமாட்டோம் சார்."

"அவங்ககிட்ட சொல்றதுதானே?"

"இன்னாத்த சொல்றது? அத்த எழுதின பலகையத் தொறக்கத்தான் வந்துகீறாரு."

துணி விலகுகிறது: 'அமைதி காக்கவும்.'

பிரமுகர் அண்ணாந்து பார்த்து மைக்கில் முழங்குகிறார்: "பறவைகளே எழுந்து நின்று என்னை வரவேற்கின்றன!"

வெடிச் சத்தத்துக்கும் அசையாமல் கூட்டைக் காத்துக்கொண்டிருந்த ஒரே நாரை, இந்தப் பேச்சுக்குக் கிளம்பிவிடுகிறது.