சகலை கட்டிவிட்ட வயர்

கணினித் திரையின் வலது கீழ்மூலையில் விசிறிபோல மூன்று வளைவுகள் தெரியும். வைஃபை கிடைக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு வியாழக்கிழமை முற்பகலில் அந்த வளைவுகள் மறைந்து அங்கே இணைப்பு இல்லை என்று சொல்லும் ஒரு சின்ன பூமி உருண்டை வந்து நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றாமல் என் மனைவி, "ஹலோ, கேக்குதுங்களா?" என்று நான்கைந்து முறை கேட்டாள். மறுமுனையில் யாரும் இல்லை. மகள் பிறந்து ஆறு வருடம் கழித்து, வீட்டிலிருந்தபடியே கணக்குப் பாடம் நடத்தும் வேலை ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். கணினியில் எழுதிக் காட்டிப் பாடம் நடத்த வேண்டிய நேர்காணல் அது. ஏழாவது நிமிடத்தில் அறுந்து போனது.

அறுந்ததற்குக் காரணம் நான். அதைச் சொல்லும்முன் என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சகலை என் மனைவியின் அக்கா கணவர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வயரிங் வேலை. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நான் பொறியியல் படித்துவிட்டு அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். தினமும் ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். ஆனால் மாமனார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் மோட்டார் நின்றாலும், "பெரிய மாப்ளைக்கு ஒரு போனப் போடு" என்பதுதான் பேச்சு. நான் கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் படிக்காமல் உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, பழுதான பொருளைத் தொடும்முன் அது எப்போதெல்லாம் நிற்கிறது என்று பொறுமையாக விசாரிப்பார். கால் மணி நேரத்தில் ஓடும். மாமியார் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஞாபகம் வந்ததுபோல என்னிடம், "உங்களுக்குங்க மாப்ள?" என்று கேட்பார்.

எங்கள் வீட்டுக் கணினி மேசைமேல் வைக்கும் பழைய ரகம். வைஃபையை வாங்கிக்கொள்ளக் கட்டைவிரல் அளவில் ஒரு ரிசீவர் அதன் பின்பக்கம் செருகியிருக்கும். பெட்டியோ இரும்பு, பின்னால் சுவர். அதனால் எப்போதும் ஒரு வளைவுதான் தெரியும். மகளின் காதுகுத்துக்கு வந்த சகலை இதைப் பார்த்தார். மறுவாரம் ஒரு முழ நீளத்தில் கறுப்பு வயர் ஒன்றை வாங்கிவந்து, ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மறுமுனையில் ரிசீவரை மாட்டி, ஜன்னல் கம்பியில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டார். மூன்று வளைவுகளும் வந்துவிட்டன. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி ஜன்னலைக் காட்டி, "எங்க மாமா வெச்சுக் குடுத்ததுங்க" என்பாள். என் அலுவலக நண்பனிடமும் சொன்னாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமை, அறையைச் சுத்தம் செய்கிறேன் என்ற சாக்கில், கத்தரிக்கோலால் அந்தப் பட்டையை வெட்டினேன். வயரை என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, அது பழுதாகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். ரிசீவரைப் பழையபடி பெட்டியின் பின்னாலேயே செருகினேன். சில நாள் எப்படியோ ஓடியது. பிறகு புகைப்படங்களைச் சேமிக்க அதன் பக்கத்துத் துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். அதன்பின் இணைப்பு நின்று நின்று வந்தது.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். ரிசீவருக்கான மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினேன். இணைப்புக் கொடுத்த ஆளை வரவழைத்துச் சத்தம் போட்டேன். அவர் மேசைக்கு முன்னால் நின்று தன் செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டுக் காட்டினார். "லைன் நல்லாத்தானுங்க இருக்குது சார். உங்க கம்ப்யூட்டரப் பாருங்க."

அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. அலுவலகத்தில் யாராவது இதையே கேட்டிருந்தால், ரிசீவரை வெளியே இழுத்துவிடு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைக்காதே என்று நிமிராமலே சொல்லியிருப்பேன். அலமாரிக் கதவில் கை வைத்தவன் அப்படியே நின்றேன். வயரைத் திரும்பக் கட்டினால் அந்த ஜன்னல் மறுபடி சகலையின் ஜன்னலாகிவிடும். எதையும் தொடாமலே மனைவியிடம், "சரி பண்ணிட்டேன்" என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதாள். திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்புத் தருவதாக அவர்கள் சொன்னார்கள். "மாமாவக் கூப்படட்டுங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் கூப்பிட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த சகலை பெட்டியின் பின்னால் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெட்டிய பட்டை இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. "அம்மிணி, கொஞ்சம் டீ வெக்கறயா?" என்று என் மனைவியை அனுப்பினார். அவள் போனதும் குரலைத் தாழ்த்தி, "அந்த வயரு இருக்குதுங்களா தம்பி, இல்ல வேற போடட்டுங்களா?" என்றார்.

"வேற போட்டுருங்ணா" என்றேன்.

பையிலிருந்து புது வயரை எடுத்துக் கட்டினார். வெட்டுப்பட்ட பட்டையை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டீயோடு வந்தவளிடம், "தம்பி கரெக்டா சொல்லிட்டாரு, அம்மிணி. அந்த டிஸ்க்கு பக்கத்துல இருந்தா ஆகாதாம். நான் வயரு கட்டுனதோட சரி" என்றார். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை இருந்தது.

திங்கட்கிழமை நேர்காணல் ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் நடந்தது. வேலை கிடைத்தது. செய்தி கேட்டு மாமனார் என்னைப் போனில் அழைத்து, "நீங்கதான் கண்டுபுடிச்சீங்களாமே, பெரிய மாப்ள சொன்னாரு" என்றார். ஒன்பது வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. அதையும் சகலையே எனக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது.

நான்கு நாள்தான் பொறுக்க முடிந்தது. துணிகளுக்கு அடியிலிருந்து பழைய வயரை எடுத்து மனைவியின் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவள் அதைத் தொடவில்லை.

"நான் அழுதப்பவும் இது அலமாரிலதான் இருந்துச்சுங்களா?"

"ஆமா."

அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, "அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

அவள் எதிரிலேயே மாமனாரை அழைத்துச் சொன்னேன். அவர், பெரிய மாப்ளை இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லையே என்று ஆரம்பித்து, அவர் குணத்தையும் பொறுமையையும் விவரமாகச் சொல்லிக்கொண்டே போனார். வயிறு எரியாமல் இல்லை. இன்றும் அவர் பேச்சு வந்தால் எரியத்தான் செய்கிறது. ஆனால் அன்று போனை வைக்கச் சாக்குத் தேடவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "ஆமாங்க மாமா, அவரு அப்படித்தானுங்க" என்றேன். சகலையைப் பற்றி அந்த வீட்டில் நான் மனதாரச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.