ஒன்றேகால் மணிக்குப் போட்ட கூட்டம்

ஜெகதீஸ்வரிக்கு நல்ல நேரம் பார்க்காமல் எதையும் தொடங்கத் தெரியாது. புதுச் செருப்பைக்கூட ராகு காலம் கழிந்த பிறகுதான் காலில் மாட்டுவாள். தினமும் பாகான் டாலாமிலிருந்து வந்து பெர்ரி ஏறி ஜோர்ஜ்டவுனில் இறங்குகிறவள். எங்கள் அலுவலகம் தயாரிக்கும் நாள்காட்டி மென்பொருளில் அடுத்த வருஷம் என்னென்ன புது வசதி வர வேண்டும் என்று திட்டமிடுவது அவள் வேலை. பக்கத்து நாற்காலி என்னுடையது. அவளைக் கிண்டல் செய்யும் உரிமையும் அதோடு சேர்ந்து வந்தது.

முடி திருத்தும் கடை, பல் மருத்துவர், டியூஷன் நிலையம் என்று பலரும் எங்கள் மென்பொருளில்தான் நேரம் குறிக்கிறார்கள். குறித்தவர்களில் பாதிப் பேர் கடைசி நிமிஷத்தில் ரத்து செய்கிறார்கள். ஏன் என்று ஜெகா ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விசாரித்தாள். ஆளுக்கு ஓர் ஆகாத நேரம் இருந்தது. 'விலக்கு நேரம்' என்ற யோசனை அப்படித்தான் வந்தது. ஆகாத நேரத்தை ஒருமுறை சொல்லி வைத்தால் போதும், மென்பொருள் அந்தப் பக்கமே போகாது.

மேலாளர் காஜா மொய்தீன் இரண்டு வருஷமாக அதை வெட்டிக்கொண்டே வந்தார். "ராகு காலத்துக்கெல்லாம் சாப்ட்வேர் எழுத முடியாது லா, தங்கச்சி," என்று சிரிப்பார். தங்கமான மனிதர்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்கே எரிச்சலாக இருந்தது.

புது வசதிகளின் இந்த வருஷப் பட்டியல் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் அன்றைக்கே ஒரே ஒரு கூட்டம். இதிலும் வெட்டு விழுந்தால் இனிமேல் கேட்கப் போவதில்லை என்றாள் ஜெகா.

கூட்டத்துக்கு நேரம் குறித்தவளும் அவள்தான். முற்பகலில் ராகு காலம். மூன்றுக்கு மேல் எமகண்டம். நடுவில் எல்லாரும் சாப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் இடம் விட்டு ஒன்றேகாலுக்கு வைத்தாள். மென்பொருள் பச்சை டிக் காட்டியது. காஜா மொய்தீனும் கைப்பேசியில் 'சரி' அமுக்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்குக் கூட்ட அறையில் நாங்கள் இருவர்தான். மேலாளரும் மற்ற இரண்டு பேரும் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

"ஜெகா, இன்னிக்கு வெள்ளிக்கிழமடி," என்றேன்.

அவள் முகம் போன போக்கில் எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "ஐயோ! பொறந்ததுலேர்ந்து பினாங்குலதான இருக்கேன்! ராகுவையே பாத்துக்கிட்டு ஜும்ஆவ விட்டுட்டேனே!" என்று தலையில் கை வைத்தாள். கண் கலங்கியிருந்தது. என் சிரிப்பு நின்றது.

காஜா மொய்தீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தபோது மணி இரண்டு நாற்பது. "மன்னிச்சுக்க தங்கச்சி, நானும் பாக்காம அமுக்கிட்டேன். சீக்கிரம் சொல்லு."

ஜெகா தயாரித்து வைத்ததையெல்லாம் மூடிவிட்டாள்.

"சொல்ல என்னண்ணே இருக்கு? மூணுக்கு மேல எமகண்டம்னு நான் ஒன்னேகாலுக்கு வச்சேன். உங்க தொழுகை எனக்கு நெனப்பு வரல. சாப்ட்வேருக்கு ரெண்டுமே தெரியல, டிக் போட்டுருச்சு. நாள்காட்டி செய்யற நாமளே மாட்டிக்கிட்டா, கடைக்காரங்க என்ன செய்வாங்க?"

அவர் ஜெகாவைப் பார்த்தார். தன் கைப்பேசியில் இருந்த பச்சை டிக்கைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, பட்டியலின் முதல் வரியாக 'விலக்கு நேரம்' என்று தட்டினார். ஜெகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இன்னொரு தடவ படிச்சுப் பாத்துட்டு அனுப்புங்கண்ணே," என்றேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு ஐம்பத்தெட்டு.

"படிக்கவெல்லாம் நேரமில்ல லா. தங்கச்சிக்கு எமகண்டம் வந்துரும்," என்று அவசர அவசரமாக அனுப்பிவிட்டார்.