பச்சைத் தொட்டிக்குள் போன முட்டைகள்

லினெட் டட்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் உருளைக்கிழங்கு மசித்தவள். புருஷன் ட்ரெவர் வேறொருத்தியோடு போன வசந்தத்தில் மண்வெட்டியை எடுத்துப் பின்தோட்டத்தைத் தோண்ட ஆரம்பித்தாள். இங்கிலாந்தின் செஷர் களிமண் லேசில் விட்டுக்கொடுக்காது. மூன்று வாரத்தில் இடுப்பாழத்துக்கு ஒரு குளம். ட்ரெவரைப் புதைக்கத்தான் குழி என்று தெருவே சிரித்தது. அவள் மறுக்கவில்லை.

மீன் விடவில்லை. அவள் எதிர்பார்த்தது நியூட்டை, தவளை மாதிரி தண்ணீரில் முட்டையிடும் பிராணி; மீன் இருந்தால் அதன் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சாது. நாலு வருடம் தவளைதான். ஐந்தாம் வருடம் வந்தன, கொண்டை நியூட்டுகள். பல்லி உருவம், சொரசொரத்த கறுப்புத் தோல், ஆரஞ்சு வயிறு, ஆணுக்கு முதுகு நெடுக ரம்பம் மாதிரி கொண்டை. நாட்டில் அருகிப்போன பிராணி. பெண் ஒவ்வொரு முட்டையாக நீர்ச்செடி இலையில் வைத்து, பின்காலால் இலையை மடித்து ஒட்டும். இந்த மே மாதம் மடிந்த இலைகளை எண்ணினாள் லினெட். இருநூறைத் தாண்டியதும் எண்ணிக்கை தப்பிவிட்டது.

தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, தங்கை புருஷன் நெவிலிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் கடற்கரைக்குப் போனாள். அதுதான் அவள் செய்த முட்டாள்தனம். திரும்பி வந்த காலையில் குளம் கண்ணாடி மாதிரி கிடந்தது. பக்கத்தில் நெவில், பல்லெல்லாம் தெரிய.

"இலையெல்லாம் சுருண்டு நோய் பிடிச்சுக் கிடந்துச்சு லினெட். மொத்தமா அள்ளிட்டேன். அடி தெரியுது பாரு!"

"நோயா? முட்டைடா அது, மரமண்டை! எங்க போட்ட?"

"தோட்டக் குப்பை போடுற பச்சைத் தொட்டியிலதான். வாசல்ல வச்சாச்சு. இன்னிக்குக் குப்பைவண்டி வருமில்ல?"

வண்டி வந்தேவிட்டது. லினெட் பையை எறிந்துவிட்டு ஓடி, தொட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோட்டுக்கு வந்துட்டா தொட்டி கவுன்சிலோடதும்மா," என்றான் குப்பைவண்டிக்காரன்.

"அப்ப என்னையும் சேத்துத் தூக்கிக் கொட்டு."

"வண்டி தாங்காது கண்ணு. சரி, எடுத்துட்டுப் போய்த் தொலை. பின்னால கார்க்காரன் ஹார்னடிச்சே சாவடிக்கிறான்."

வாசலிலேயே தொட்டியைக் கவிழ்த்தாள். அடியில் கிடந்த வெட்டுப்புல் சூடேறி ஆவி விட்டது. அதை ஒட்டியிருந்த செடியெல்லாம் வேகவைத்த கீரை. முட்டைகள் வெள்ளையாகச் செத்திருந்தன. மேலே போட்டிருந்த செடியில் மட்டும் ஈரம் இருந்தது. ஒரு மடிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். உள்ளே ஒரு புள்ளி நெளிந்தது.

"பேசின் கொண்டா. மழைத்தண்ணி பீப்பாயில மொண்டு வா. குழாய்த் தண்ணியைப் பிடிச்ச, உன் தலையில கவுத்துடுவேன்."

நெவில் கொண்டு வந்து வைத்தான். வாய் சும்மா இருக்கவில்லை. "இதுகளைத் தொடுறதே சட்டப்படி குத்தம்னு நீதானே சொன்ன?"

"ஆமா. போலீஸைக் கூப்பிடு. வரட்டும், யாரு எத்தனை கொன்னாங்கன்னு நானே சொல்றேன்."

இரண்டு மணி நேரம் முழங்காலில் நின்று பொறுக்கினாள். மூன்றில் ஒரு பங்கு தேறியது. செடியைக் குளத்தோரத்து ஆழமில்லாத தண்ணீரில் பரப்பிக் கல் வைத்தாள். நெவில் பின்னாலேயே நின்று தொண்டையைச் செருமினான்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். டீ போடட்டுமா?"

"உங்க வீட்டுல போய்ப் போட்டுக் குடி. சாவியை வச்சுட்டுப் போ."