பைப்படியில் வாங்கின நல்ல பேர்

கொரோனா வந்தப்போ எங்க லயத்துல எனக்குத்தான் ரொம்ப நல்ல பேர். ஏலப்பாறைக்கு மேல, ஆறு வீடு ஒட்டிக்கிட்டு நிக்கிற எஸ்டேட் வரிசை அது. காலேஜை மூடிட்டாங்கன்னு மதுரையிலருந்து வந்தவ, வந்த நாள்ல இருந்து கையைக் கழுவிக்கிட்டே இருந்தேன். தாழ்ப்பாளைத் தொட்டா கழுவுவேன். கழுவின கை பைப்பைத் தொட்டுருச்சேன்னு மறுபடி கழுவுவேன். கொழுந்து பறிச்சிட்டு வர்ற அம்மாவை வாசல்லயே நிறுத்தி, குளிச்சாத்தான் உள்ள விடுவேன்.

சுகாதார நிலையத்துலருந்து வீடு வீடா காய்ச்சல் விசாரிக்க வர்ற ஆஷா சேச்சிக்கு என்மேல தனிப் பிரியம். மாஸ்க்கைத் தாடையில தொங்கவிட்டுட்டு கேரம் ஆடுற பயலுகளைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைப் பாத்துப் படிங்கடான்னு சொல்லுவாங்க. எனக்கு எரிச்சலா வரும். காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, வாசனை தெரியுதான்னு கேக்குறவங்க, தூங்குனியான்னு ஒருநாள் கேட்டதில்ல. நான் எங்க தூங்குனேன்? கண்ணை மூடினா அம்மாவை ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க, என் கையாலதான் நோய் வந்துச்சுன்னு தோணும். கூடப் படிச்சவகிட்ட போன்ல சொன்னேன். நல்ல பழக்கம்தானடின்னு அவளும் சொல்லிட்டா. போங்கடி, நீங்களும் உங்க நல்ல பழக்கமும்!

அடுத்த கோடையில தண்ணி வத்துச்சு. ஆறு வீட்டுக்கும் ஒரே பைப்பு, காலையில மட்டும்தான் வரும். என் கைக்கே பாதி போயிரும். ஒருநாள் குடத்தோட நின்ன பக்கத்து வீட்டக்கா பொறுக்கமாட்டாம, இவளுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கான்னு சத்தம் போட்டாங்க. அதுவரை புகழ்ந்த வாயெல்லாம் கூடச் சேந்துக்கிச்சு. நான் வீணாப் போனது ஒருத்தருக்கும் தெரியல, தண்ணி வீணாப் போனதுதான் தெரிஞ்சுச்சு.

அந்நேரம் பாத்து வந்த ஆஷா சேச்சி எனக்குப் பரிஞ்சு பேசினாங்க. கை கழுவுறது நல்லதுதானே, பிள்ளையை விடுங்கன்னாங்க. வேலைக்குக் கிளம்பி நின்ன அம்மா கூடையைக் கீழ வச்சுட்டு வந்து, என் கையைப் பிடிச்சுத் திருப்பிக் காட்டினா. விரலிடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருந்துச்சு.

"நல்லது நல்லதுன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க சேச்சி. எம்பிள்ள பயந்து சாகுறா. இதுக்குன்னு டாக்டர் இருந்தா சொல்லுங்க."

நான் ஓன்னு அழுதுட்டேன். அம்மா தொட்ட கையைக் கழுவணும், இப்பவே கழுவணும்னு உள்ளுக்குள்ள ஒண்ணு பிடுங்கிக்கிட்டே இருந்துச்சு. பைப்பு நின்னப்புறமும் அம்மா என் கையை விடல.