கொழும்பு உளி

என் தம்பி கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது சேலை, டார்ச் லைட், வாசனைச் சோப்பு என்று ஆளுக்கொன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். அவன் கொண்டு வந்தது ஓர் உளி. இலங்கையில் இந்தியாக்காரர்களிடம் காகிதம் காட்டு என்று கேட்கத் தொடங்கியதும் அவசரமாகக் கிளம்பியவன், வேறெதையும் எடுக்க நேரமில்லை என்றான். உளியை எடுக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கடைசல் பட்டறை. கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து என்று மரத்தைச் சுழலவிட்டு உருட்டி எடுக்கிற வேலை. உளி பிடிப்பது என் வீட்டுக்காரர், கயிறு இழுப்பது நான். மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி இரண்டு முனையையும் மாறி மாறி இழுத்தால் மரம் ஒரு தடவை அவர் பக்கமாகச் சுழலும், மறு தடவை எதிர்ப்பக்கமாகச் சுழலும். அவர் பக்கம் வரும்போது உளியை வைப்பார். திரும்பும்போது ஒரு விரற்கடை பின்னால் எடுப்பார். வைப்பார், எடுப்பார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்துவந்த காட்சி இதுதான். உளியைத் தொட எனக்கும் உரிமை இருந்தது, சரஸ்வதி பூசையன்று சந்தனம் வைப்பதற்கு.

தம்பியின் உளி வேறு மாதிரி. அகலத் தட்டை, நுனியைச் சரிவாக வெட்டி இரண்டு பக்கமும் தீட்டியது. "அத்தான், இத வச்சுக் கடைஞ்சா உப்புத்தாளே வேண்டாம். கண்ணாடி கணக்கா வரும்" என்றான். கொழும்பில் பெரிய நாற்காலிக் கடையில் இருந்தவன் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? அங்கே அவனுக்கு வேலை, முடிந்த நாற்காலிகளுக்கு வைக்கோல் சுற்றுவது. அது பிறகுதான் வெளியே வந்தது.

இந்த உளிக்கு மரம் ஒரே பக்கமாகச் சுழல வேண்டுமாம். உடனே பெரிய சக்கரமும் தோல்வாரும் வைத்துப் புதுக் கடைசல் ஒன்றை இருவருமாகச் செய்தார்கள். அதற்குத் தூண் வேண்டுமென்று பழைய கடைசலைப் பிரித்தார்கள். புதியது சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதைப் பிரிக்கலாமே என்று கேட்டேன். நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாகப் பேசுகிறேன் என்றார்கள். என் வேலை கயிற்றிலிருந்து சக்கரத்துக்கு மாறியது. எல்லாவற்றிலும் முன்னேற்றம்தான்.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனாருக்குக் களியக்காவிளைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. முன்பு வந்த சம்பந்தங்களெல்லாம் பேச்சோடு முறிந்துபோய், அவள் வாசலுக்கு வருவதையே குறைத்துக்கொண்டிருந்தாள். நிச்சயத்தன்று கட்டில் பேச்சு வந்தது. என் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கொழும்பு வேலைக் கட்டிலு. நானே கடைஞ்சு தருவேன்" என்றார். "செரி, கட்டிலு வண்டியில ஏறின பொறவு பெண்ண ஏத்தலாம்" என்றார் மாப்பிள்ளையின் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் கல்யாணத்துக்கென்று என் மாமனார் உயிரோடிருந்தபோதே வெட்டிக் காயவைத்த அயினி மரம் இருந்தது. அதில் கட்டிலுக்கு நாலு கால், தவறினால் இருக்கட்டுமென்று இன்னொன்று, ஆக ஐந்து துண்டு அறுத்தார்கள். சும்மா மரத்தில் முதலில் பழகிப் பார்ப்பது என்பது கற்றுக்குட்டிகள் செய்வதாம். நேராக அயினியில் உளியை வைத்தார் என் வீட்டுக்காரர்.

உளி கொத்தியது. அதன் கூர்முனை மரத்துக்குள் இறங்கி, கால் முழுக்க ஒரு பள்ளத்தைச் சுற்றி இழுத்துவிட்டு, மரத்தைத் தூக்கி என் கஞ்சிப் பானைமேல் எறிந்தது. "ஏட்டி, சக்கரத்த ஒழுங்கா சுத்து" என்றார். இரண்டாவது துண்டு கழுத்தில் ஒடிந்தது. "உன் வீட்டுலருந்து வந்தது எதாவது உருப்பட்டிருக்கா?" என்றார். நானும் அந்த வீட்டிலிருந்துதான் வந்தேன் என்று நினைவுபடுத்தினேன். அதையும் சேர்த்துத்தான் சொன்னாராம்.

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நான் அவர் கைகளைக் கவனித்தேன். மரம் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவரோ வைக்கிறார், எடுக்கிறார், வைக்கிறார், எடுக்கிறார். கயிறு போய்விட்டது என்பது அவர் கைகளுக்கு இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை எடுத்து வைக்கும்போதும் அந்த முனை எங்கே குத்தலாமென்று பார்க்கிறது.

"கைய எடுக்காதீங்க. உளி மரத்துலயே கெடக்கட்டும்" என்றேன்.

"நீ சக்கரத்தப் பாரு" என்றார்.

"அக்கா, கொழும்புல பொம்பளைங்க பட்டறைப் பக்கமே வரமாட்டாங்க" என்றான் தம்பி.

மிச்சம் மூன்று துண்டு. அதே நிறத்தில் காய்ந்த அயினி தேடி மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் களியக்காவிளைக்குக் கிளம்பிப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நாத்தனார் பட்டறைக்குள் வந்து, ஒடிந்த காலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மைனி, கட்டிலு ஆவுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். "நீ சக்கரம் சுத்துவியா?" என்றேன்.

முதலில் பூவரசங்கம்பில் பழகினேன். கற்றுக்குட்டிக்கு அதில் வெட்கமில்லை. எடுத்த எடுப்பில் உளி கொத்தி, பிடி என் தாடையில் இடித்தது. பிறகு முனையை மேலே ஒதுக்கிவிட்டு, உளியின் கன்னத்தை மட்டும் ஓடுகிற மரத்தின்மேல் சாய்த்து வைத்தேன். வெட்டவில்லை, வழுக்கியது. பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். உளி வாயின் கீழ்ப்பாதி எங்கோ மரத்தைப் பிடித்தது. வெங்காயத் தோல் போல ஒரு சீவல் சுருண்டு வந்தது. கையை எடுக்காமல் நகர்த்திக்கொண்டே போனேன், அதுவும் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது. எடுத்து எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, எந்த உளியையும் யாரும் என் கையில் தந்ததில்லையே. நாத்தனார் சக்கரத்தை விட்டுவிட்டு வந்து தொட்டுப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை பெற்றபோதுகூட வலிதான் முன்னால் நின்றது.

மத்தியானத்துக்குள் அயினியில் ஒரு கால் முடிந்தது. இரண்டாவது பாதியில் இருக்கும்போது ஆண்கள் இருவரும் ஒரு மரத்துண்டோடு வாசலில் வந்து நின்றார்கள். உளியை எடுத்தால் கொத்திவிடும், அதனால் நான் எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் முடிந்த காலை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். அதன் கடைசல் வரிகளை நகத்தால் தடவினார். தங்கைக்குக் கை ஓய்ந்து சக்கரம் தளர்வதைக் கண்டு, "நீ மாறு" என்று சொல்லிச் சக்கரப் பிடியை வாங்கிக்கொண்டார். கட்டில் முடியும்வரை அவர்தான் சுற்றினார். மிச்சக் கால்களும் ஒரு கொத்து இல்லாமல் வந்தன. தம்பி மட்டும், கொழும்பில் இப்படிப் பிடிக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

கல்யாணத்தன்று வண்டியில் ஏற்றுமுன் மாப்பிள்ளையின் மாமா கட்டில் காலைத் தடவித் தடவிப் பார்த்தார். "வேல கொள்ளாம், நல்லா இருக்கு. ஆரு கடைஞ்சது?" என்றார்.

"எங்க மைனி" என்றாள் மணப்பெண், குனிந்த தலை நிமிராமல்.

மாமா சிரித்தார். "பெண்ணு நல்லா தமாசு பேசுது" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கூடச் சேர்ந்து சிரித்தால் போதும், காரியம் முடிந்துவிடும்.

"தமாசு இல்ல. கடைஞ்சது அவதான். நான் சக்கரம் சுத்துனேன்" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்வானேன்.

மாமா என்னைப் பார்த்தார், கட்டில் காலைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, அவர் தோளில் கை போட்டார். "அதான பாத்தேன். சக்கரம் சுத்துனது நீருதானே, வேல நல்லா வராம இருக்குமா?"

கட்டில் வண்டியேறியது. நாத்தனாரும் ஏறினாள். அத்தனை வருஷம் கயிறு இழுத்திருக்கிறேன், சக்கரம் சுற்றியிருக்கிறேன். மரம் நன்றாக வருவது அதனால்தான் என்று அதுவரை ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.