கை நனைக்காத விருந்தாளிகள்

எங்கள் சின்ன அத்தை வாயைத் திறக்க மாட்டாள். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். வயலில் ஆடு இறங்கினால் மணலூர்பேட்டை வரைக்கும் கேட்கும்படி கத்துவாள். தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். என்ன சேலை எடுக்கலாம் என்றால் உங்க இஷ்டம், என்ன குழம்பு வைக்கலாம் என்றால் அதுவும் உங்க இஷ்டம்தான். பெரிய அத்தையும் இப்படியே சொல்லித்தான் கழுத்தை நீட்டினாள். இப்போது பொங்கலுக்குப் பொங்கல் வந்து அழுதுவிட்டுப் போகிறாள். தாத்தா இல்லாத வீட்டில் அண்ணன்காரரான அப்பாதான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. சின்னவளுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் அவளை யாருக்கும் கொடுப்பதில்லை என்று அவர் உறுதியாக இருந்தார். தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. ஏற்கெனவே வந்த இரண்டு வரன்கள் 'உங்க இஷ்ட'த்தில் வழுக்கி விழுந்து திரும்பிப் போயிருந்தன.

அடுத்த வரன் வந்த அன்றைக்கு ரோடு நின்றுவிட்டது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த காலம் அது. படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு இடம் கேட்டு ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. எங்கே யார் அடிபட்டார்கள், யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று பெரியவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்கு அதெல்லாம் எட்டவில்லை. மூன்றாம் வகுப்புக்கு லீவு விட்டுவிட்டார்கள் என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

எலவனாசூர்கோட்டையிலிருந்து பெண் பார்க்க நாலு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, தாய்மாமன். காலையில் கடைசியாக வந்த பஸ்ஸில் இறங்கி, பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் திரும்பலாம் என்று ரோட்டுக்குப் போனால், ரோட்டில் ஒரு புளியமரம் படுத்திருந்தது. போனவர்கள் அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

இங்கேதான் வம்பு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும் முன்னால் பெண் வீட்டில் சோற்றில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். பலகாரம் ஆகலாம், சோறு ஆகாது. விளக்கு வைத்ததும் அம்மா இலை போட்டாள். மாப்பிள்ளையின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். உள்ளே சாம்பார் கொதித்து வாசனை தெருவரைக்கும் போய்க்கொண்டிருக்க, அந்த நாலு பேரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றார்கள். தாய்மாமன் மட்டும் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல தீனிக்காரர்.

அப்பாவுக்கு விருந்தாளிகள் பட்டினி ஒரு கவலை என்றால் நாற்றங்கால் இன்னொரு கவலை. நாற்று பருவத்துக்கு வந்திருந்தது. இன்னும் விட்டுவைத்தால் முற்றிப்போய்க் கணு விட்டுவிடும், அப்புறம் நட்டாலும் தூரில் பக்கக் கிளை வெடிக்காது, ஒற்றைக் கதிரோடு நிற்கும். உழுது, தழை போட்டு மிதித்து, பரம்பு ஓட்டி வயலும் தயாராகக் கிடந்தது. நடவு ஆட்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். போலீஸ் நிற்கிற ரோட்டைத் தாண்டிப் பெண்களை அனுப்ப மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தானே.

மறுநாள் காலையில் அப்பா இதைச் சொல்லி அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தது மாப்பிள்ளையின் அம்மா காதில் விழுந்தது. அவர் எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினார்.

"பொண்ணு வூட்ல கை நனைக்கக் கூடாது, சரி. நடவுக்கு வந்த எடத்துல கூழு குடிக்கலாம் இல்லிங்களா? நாத்து எங்க கீதுன்னு காட்டுங்க."

அப்படி ஒரு சந்து இருப்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. தாய்மாமன்தான் முதலில் எழுந்து நடந்தார்.

நாற்றுப் பறிப்பது ஆம்பளை வேலை, நடுவது பொம்பளை வேலை. அப்பாவும் தாய்மாமனும் பறித்து முடி முடியாகக் கட்டிப் போட்டார்கள். நடுவதற்கு அம்மா, அத்தை, வந்த இரண்டு பெண்கள். ஆள் போதவில்லை. மாப்பிள்ளை பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு இறங்கிவிட்டார். அவர் கள்ளக்குறிச்சியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடையில் வேலை பார்த்தார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பற்றி எல்லாம் தெரியும், வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மரியாதைக்காக அப்பா அவரை மேற்கு ஓரத்தில் விட்டார். அத்தை கிழக்கு ஓரத்தில். எப்போதும் அவளுக்கு ஓரம்தான், ஏனென்றால் அவள் இடது கைக்காரி. நடுவில் விட்டால் பக்கத்து ஆளின் முழங்கையில் இடிப்பாள். எல்லாருடைய நாற்றும் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அத்தை நட்டது மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பீச்சாங்கை நடவு என்று அம்மா கேலி செய்வாள். பயிர் பச்சை பிடித்து நிமிர்கிற வரைக்கும் அந்த ஓரம் தனியாகத் தெரியும்.

மாப்பிள்ளைக்குச் சொல்லித்தர நான் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நடவென்றால் நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நட்டதை எல்லாம் அவரே மிதித்துக்கொண்டு வந்தார். திருப்பிவிட்டேன். அடுத்த கோளாறு, நாற்றைச் சேற்றில் ஊன்றாமல் நகை வைக்கிற மாதிரி மேலாக வைத்தார்.

"பாதி வெரலு சேத்துல எறங்கணும் மாமா. நீங்க தண்ணி மேல வெச்சிக்கினு வரீங்க," என்று வயல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மாமா என்று கூப்பிட்டதற்கே அம்மா என்னை முறைத்தாள். மாப்பிள்ளை பதறிப்போய் ஒரு எட்டுப் பின்னால் வைக்க, கால் புதைந்து அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கிழக்கு ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அத்தை! முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கேட்டு மாப்பிள்ளையும் உட்கார்ந்த இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் யாருக்கும் அடங்கவில்லை. அப்படி ஒரு நடவை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

உச்சி வெயிலில் கூழ் வந்தது. கேழ்வரகுக் கூழ், வெங்காயம், ஊறுகாய். தாய்மாமன் சொம்பைக் கீழே வைக்கவே இல்லை. அத்தைதான் எல்லாருக்கும் ஊற்றினாள். அப்பா வயலைப் பார்த்தபடி, "தண்ணி கலங்கிக் கீது. காலைல தெளிஞ்சா தெரியும், யாரு கை எப்படின்னு," என்றார். பொதுவாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை முகம் தொங்கிப்போயிற்று. நட்டதெல்லாம் மிதக்கப்போகிறது, இவர் எங்கே எனக்குப் பெண் கொடுக்கப்போகிறார் என்று தன் அக்காவிடம் முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது. பக்கத்தில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அத்தைக்கும் கேட்டிருக்கும். அக்காவின் சொம்பு நிரம்பி வழிந்த பிறகுதான் கையை நிறுத்தினாள்.

சாயங்காலம் அப்பா அத்தையைக் கூப்பிட்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்ணா."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். காலையில் ரோடு திறந்துவிடும் என்று செய்தி வந்திருந்தது. நல்ல மனுஷங்கதான், ஆனால் இவள் மனசு தெரியாமல் எப்படி என்று அம்மாவிடம் சொன்னார். பஸ் ஏற்றி அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

விடிந்ததும் அத்தை வயலுக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. மேற்கு ஓரத்து நாற்றெல்லாம் மிதந்து வரப்போரம் ஒதுங்கிக் கிடந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தை சிரிக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, மிதந்ததை எல்லாம் வாரி, மளமளவென்று நட ஆரம்பித்தாள். நான் வரப்பில் மிச்சமிருந்த நாற்றுமுடியைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். ஏன் அத்தை என்று கேட்டால் அடுத்த முடிக்குக் கையை நீட்டினாள். முடித்துக் கையைக் கழுவும்போது, "யார்கிட்டயும் சொல்லாத," என்றாள். அவ்வளவுதான்.

நாங்கள் வரப்பேறும்போது அப்பா எதிரே வந்துவிட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா கிழக்கு ஓரத்தைப் பார்த்தார். நடுவயலைப் பார்த்தார். மேற்கு ஓரத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார்.

"இது யாரு நட்டது?"

நானா மாட்டுவேன்? "மாமாதாம்பா. நாந்தான் சொல்லிக்குடுத்தேன்," என்றேன்.

அப்பா குனிந்து ஒரு நாற்றுக் குத்தைத் தொட்டுப் பார்த்தார். கிழக்கு ஓரத்துக் குத்துகள் சாய்ந்த பக்கமே இதுவும் சாய்ந்திருந்தது. "நல்லாத்தான் நட்டுக்கிறாரு," என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. என் ரகசியம் பத்திரமாக இருக்கிறது, அப்பா ஏமாந்துவிட்டார் என்று கர்வத்தோடு அவர் பின்னாலேயே நடந்தேன்.

வீட்டில் விருந்தாளிகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி நின்றார்கள். அப்பா அம்மாவைப் பார்த்து, "எலையப் போடு. பாயசம் வை. எல்லாரும் கை நனைக்கட்டும்," என்றார்.

அம்மா திகைத்துப்போய், "உங்க தங்கச்சி இன்னாதான் சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

"சொல்லிடுச்சு," என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடிந்ததிலிருந்து அத்தை கூடவே இருந்தவள் நான். அவள் சொன்னதெல்லாம், சொல்லாதே என்பது ஒன்றுதான். அப்பா இவ்வளவு பெரிய பொய்யை இத்தனை சந்தோஷமாகச் சொல்கிறாரே என்று நினைத்தேன். காட்டிக்கொடுத்திருப்பேன். ஆனால் அம்மா அதற்குள் பாயசத்துக்கு வெல்லம் தட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இலை நறுக்கப் போனேன்.