எல்லாரும் ஒரே மேஜையில்

காய்ந்த துணியை மடிப்பது அந்த வீட்டில் அவளுடைய வேலை. துவைப்பது கணவர், காயப்போடுவது மகள், மடிப்பது அவள் என்று, அவள் ஆராய்ச்சியில் சேர்ந்த வருடம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். நாலு வருடமாக அவள் பங்குதான் குவிந்து குவிந்து மலையாகிறது. அன்று சனிக்கிழமை மதியம் கட்டிலில் உட்கார்ந்து கணவரின் சட்டையைக் கையில் எடுத்தவள், அதன் காலர் தையலைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.

"மடிக்கிறியாம்மா, இல்ல சட்டைகிட்ட பேட்டி எடுக்கிறியா?" என்றாள் மகள்.

மகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஊசி மறந்த டாக்டர்'. அரசு மருத்துவமனையில், பெண்கள் வார்டில் இருபத்தொரு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். "கெட்டுப்போய் வர்ற உடம்பையே எத்தனை நாள் பார்க்கிறது? கெடுற இடத்துக்கே போய்ப் பார்க்கிறேன்" என்று கணவரிடம் சொன்னாள். அவர், "போ. ஆனா துணியை மடிச்சிட்டுப் போ" என்றார்.

அவள் போன இடம் ஓர் ஆடைத் தொழிற்சாலை. அங்கே தைக்கும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு தீராத தொல்லையாக இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அதை எப்படி மாற்றுவது என்பதை வெளியிலிருந்து ஒருத்தி வந்து சொல்லாமல், அவர்களே கூடி உட்கார்ந்து உருவாக்க வேண்டும். அந்தக் கூட்டு முறைதான் அவளுடைய ஆராய்ச்சி. பெண்கள் அவளைத் 'தண்ணி டீச்சர்' ஆக்கினார்கள். அவர்களுடைய சூப்பர்வைசருக்கு முன்பே ஒரு பெயர் இருந்தது: 'கடிகாரம்'.

"பாதிக்கப்பட்டவங்க, முடிவெடுக்கிறவங்க, எல்லாரும் ஒரே மேஜையில உட்காரணும்" என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். "தனித்தனியா கேட்டா அது விசாரணை. கூட்டா உருவாக்கினது ஆகாது." அவள் அதை நோட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டாள்.

வார்டில் அவள் வழக்கமே வேறு. இளம்பெண் ஒருத்தி மாமியாரோடு வந்தால், "அம்மா, கீழே போய் இந்தச் சீட்டுல ஒரு முத்திரை வாங்கிட்டு வாங்க" என்று மாமியாரை அனுப்பிவிடுவாள். அந்தச் சீட்டுக்கு முத்திரையே கிடையாது. மாமியாரின் செருப்புச் சத்தம் படியில் இறங்கிய பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறப்பாள். இருபத்தொரு வருடம் கைவந்த தந்திரம், படித்த படிப்பில் எங்கோ புதைந்துபோய்விட்டது.

முதல் கூட்டம் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பத்துப் பெண்கள், கடிகாரம், அலுவலக அதிகாரி ஒருவர். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று எழுத ஆளுக்கொரு வண்ணச் சீட்டு. இருபது நிமிடத்தில் வந்த சீட்டுகளில் 'தண்ணீர் சுவையாக இல்லை', 'குழாயை மாற்றலாம்' என்றுதான் இருந்தது. காலர் அக்காவின் சீட்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. பதினாலு வருடமாக அங்கே ஒரே தையல் லைனில் காலர் தைப்பவள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. இந்த மேஜையில மேல கீழ கிடையாது. எல்லாரும் சமம்."

"நிஜமாவா டீச்சர்?"

"நிஜமா."

காலர் அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "தண்ணி நல்லாத்தான் இருக்கு. குடிச்சா வெளிய போகணும். போக டோக்கன் வேணும். நாப்பது பேருக்கு ஒரு டோக்கன், அதுவும் சூப்பர்வைசர் சார் பாக்கெட்டுல தூங்கும். அதை எழுப்பணும்னா அவர் முன்னாடி நின்னு எதுக்குப் போறோம்னு சொல்லணும். பாத்ரூமுக்கு எதுக்குப் போவாங்க, சினிமா பார்க்கவா?"

கூடமே சிரித்தது. கடிகாரமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. தண்ணி டீச்சர் தன் நோட்டில், 'இறுக்கம் தளர்ந்த தருணம்' என்று எழுதி நட்சத்திரம் போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இன்னும் இரண்டு கூட்டங்களில் தீர்வு உருவானது: லைனுக்கு நாலு டோக்கன், கதவோரம் ஆணியில் தொங்கும், யாரும் யாரையும் கேட்க வேண்டாம். ஆறு மாதத்தில் நீர்க்கடுப்பு பாதியாகக் குறைந்தது. பேராசிரியர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கணக்கெடுக்கப் போன அன்று காலர் அக்காவின் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். "அக்கா லீவா?" என்று தண்ணி டீச்சர் கேட்டாள். பெண்கள் தலையைக் குனிந்து தையலைப் பார்த்தார்கள். மாடிப்படியில் ஒருத்தி காதோடு சொன்னாள். காலர் கோணுகிறது என்று இரண்டாம் மாதமே நூல் வெட்டும் மேஜைக்கு மாற்றினார்களாம். நாலாம் மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லையாம்.

"வருத்தமான விஷயந்தான். ஆய்வேட்டுல 'வரம்புகள்'னு ஒரு பத்தி இருக்கே, அதுல ஒரு வரி போட்டுடுங்க" என்றார் பேராசிரியர்.

அவள் பதினோரு பக்கம் எழுதினாள். ஒருவரைப் பற்றி எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதும் அந்த முறையின் விதிதான். ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமை, கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள்.

காலர் அக்கா தங்கையோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். ஜன்னலோரம் பழைய மெஷின், பக்கத்தில் பள்ளிச் சீருடைகள். தங்கை வேலைக்குப் போயிருந்தாள்.

"வாங்க டீச்சர். தண்ணி குடிங்க, இங்க டோக்கன் கேக்க மாட்டோம்."

டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுப் பதினோரு பக்கத்தையும் படித்தாள். அக்கா ஒரு பாவாடையின் ஓரத்தைக் கையால் மடித்துத் தைத்தபடியே கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா வேணாம்."

"உங்க பேரைப் போடலக்கா."

"பதினாலு வருஷம் அங்க காலர் தைச்சவ நான் ஒருத்திதான். பேர் வேற எதுக்கு? என் தங்கச்சி அதே லைன்ல உட்கார்ந்திருக்கா. இதை எவனாவது படிச்சா நாளைக்கு அவ காலரும் கோணும்."

"எழுதாம விட்டா என் புத்தகம் முழுக்கப் பொய்யாகிடும்."

"உங்களுக்குப் பொய். எங்களுக்குப் பொழப்பு."

தண்ணி டீச்சர் தாள்களைப் பைக்குள் வைத்தாள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழிகூட அடைபட்டுவிட்டது. 'எல்லாரும் சமம்' என்று சொன்ன வாயால் மன்னிப்புக் கேட்க எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "தப்பு என் மேலதான்" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. "அவளுங்க இப்ப தண்ணி குடிக்கிறாளுங்களா?"

"குடிக்கிறாங்க."

"ம். தங்கச்சியும் சொன்னா." ஊசியில் புது நூல் கோத்தாள். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. எங்களை மட்டும் முதல்ல ஒரு நாள் தனியா உட்கார வெச்சுக் கேட்டிருக்கலாம். பூனையைப் பக்கத்துல உட்கார வெச்சுட்டு மணியை என் கையில குடுத்தீங்களே, ஏன் டீச்சர்?"

குரலில் கோபம் இல்லை. துணியின் அகலத்தைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் பதினெட்டுப் பக்கத்துக்கு அதற்குப் பதில் இருந்தது, மேற்கோள்களோடு. அதில் ஒரு வரியாவது இந்த அறையில் சொல்லக்கூடியதா என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தண்ணி டீச்சரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.